பாய்மரமும் அதைத் தாங்கும் கயிறும்



மதுரைக்காஞ்சியில் மாங்குடி மருதனார் ஒரு மதயானையைக் காட்டுகிறார். பாகரைக் கொன்று, சங்கிலியைப் பொருட்படுத்தாது, கட்டுத்தறியை விட்டகன்று அது திரிகிறது. அந்த யானைக்கு அவர் கூறும் உவமை, கடுங்காற்றில் அகப்பட்டுச் சுழியில் சிக்கிய நாவாய். அந்த நாவாய்க்கு நேர்ந்ததைப் புலவர் ஓர் ஒழுங்கில் சொல்கிறார். முதலில் இறுகக் கட்டிய வலிய கயிறு அறுகிறது. பின்பு பாய் மோதுண்கிறது. அதன் பின்னரே கூம்பு அடியோடு முறிகிறது.

கூம்பு என்பது பாய்மரம். 'இதை' என்பது பாய். இவ்விரு சொற்களுக்கும் பொருள் எழுதிவிட்டு உரை காண்போர் அடுத்த வரிக்குச் சென்றுவிடுவதுண்டு. ஆனால் கயிறு, பாய், கூம்பு என்ற அந்த வரிசையில் ஒரு கப்பற்கலையே அடங்கியிருக்கிறது. பாய்மரம் தன் மரவலியால் மட்டும் நிற்பதில்லை. கயிறுகள் அதை நாற்புறமும் இழுத்துப் பிடித்திருப்பதால் நிற்கிறது. அக்கயிறு அறுந்தால் எத்தகைய வைரம் பாய்ந்த மரமும் வீழும். இதைப் புலவர் கடற்கரையில் நின்று அறிந்தாரோ, மாலுமிகள் வாய்க்கேட்டு அறிந்தாரோ, அறிந்திருந்தார் என்பது உறுதி.

இன்று நாம் இதை அறிவதற்கு உள்ள எளிய வழி ஒன்று, மரத்தால் ஒரு மாதிரிப் பாய்க்கப்பல் செய்து பார்ப்பது. அதிலும் உடற்பகுதியைச் செய்து முடித்தபின் பாய்மரங்களை நிறுத்திக் கயிறு பூட்டும் கட்டமே உண்மையான பாடசாலை. அந்தக் கட்டத்தைப் பற்றியே இன்று பேசவிருக்கிறோம்.

எந்தக் கப்பலை எடுத்துக்கொள்வது? நமது நாட்டின் பெயரோடு ஒட்டிய ஒன்று இருக்கிறது. இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையில் ஹாட்டில்பூல் என்னும் துறைமுக நகரில் 'திருகோணமலை' என்னும் பெயருடைய போர்க்கப்பல் நிற்கிறது. 'எச்.எம்.எஸ். டிரிங்கோமலி' என்பது அதன் ஆங்கில வழக்கு. பம்பாயில் புகழ்பெற்ற வாடியா குடும்பத்தைச் சேர்ந்த பார்சிக் கப்பற்கலைஞர் ஜம்ஷெட்ஜி பொமன்ஜியின் கைத்திறனில், தேக்கு மரத்தால் உருவாகி, 1817 ஒக்டோபர் 12இல் அது கடலில் இறக்கப்பட்டது. மூன்று பாய்மரங்களைக் கொண்ட 'பிரிகேட்' வகையைச் சேர்ந்தது. இன்றும் நீரில் மிதக்கும் பிரித்தானியப் போர்க்கப்பல்களுள் மிகப் பழையது இதுவே என்பர்.

பெயர் வந்த கதையிலும் பாய்மரம் உண்டு. 1782 செப்டெம்பர் 3ஆம் நாள் திருகோணமலைக் கடலில் ஆங்கிலத் தளபதி ஹியூஸின் கப்பல்களும் பிரெஞ்சுத் தளபதி சுப்ரேனின் கப்பல்களும் பொருதின. சில நாட்களுக்கு முன்னரே கோட்டையைப் பிரெஞ்சுக்காரர் கைப்பற்றிவிட்டனர். அன்றைய போரில் சுப்ரேன் ஏறியிருந்த தலைமைக் கப்பலின் நடுப் பாய்மரம் குண்டடிபட்டு வீழ்ந்தது. வெற்றி தோல்வி தெளிவாக முடியாத அந்தப் போரின் நினைவாகவே பம்பாய்க் கப்பலுக்குத் திருகோணமலையின் பெயர் சூட்டப்பட்டது.

மாதிரிக் கப்பல் செய்பவருக்கு முதலில் வேண்டியது வரைபடம். இந்தக் கப்பலின் வரைபடத்துக்கும் ஒரு கதை உண்டு. இலண்டனிலிருந்து பம்பாய்க்கு அனுப்பிய முதற்பிரதி 'ஜாவா' என்னும் போர்க்கப்பலில் சென்றது. 1812 டிசெம்பர் 29இல் பிரேசில் கரைக்கு அப்பால் அமெரிக்கக் கப்பலான 'கொன்ஸ்ரிரியூஷன்' அதை மறித்தது. ஜாவாவின் முகப்பில் சாய்வாக நீட்டிக்கொண்டிருந்த மரத்தின் நுனி முதலில் சிதைந்தது. பிறகு முன்மரம் சாய்ந்தது. மற்றவையும் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தன. முடிவில் நிற்பதற்கு ஒரு மரமும் இல்லாத ஜாவா சரணடைந்தது. வரைபடத்தின் வேறொரு பிரதியை மீண்டும் அனுப்ப வேண்டியதாயிற்று.

முகப்பு மரத்தின் நுனி போனதற்கும் முன்மரம் வீழ்ந்ததற்கும் என்ன தொடர்பு என்று நேயர்கள் கேட்கலாம். முன்மரத்தை முன்னோக்கி இழுத்துப் பிடிக்கும் கயிறுகள் அந்த முகப்பு மரத்தில்தான் கட்டப்பட்டிருக்கும். மருதனார் சொன்ன அதே ஒழுங்குதான் இது.

இனி வேலைக்கு வருவோம்.

தரையிலிருந்து பார்க்கையில் ஒரே மரம்போலத் தெரியும் பாய்மரம் உண்மையில் மூன்று மரங்கள். கீழே அடிமரம், அதன்மேல் நடுத்துண்டு, அதற்கும் மேலே நுனித்துண்டு. ஒன்றன் தலையும் மற்றொன்றின் அடியும் சிறிது தூரம் இணையாக நின்று பிணைக்கப்பட்டிருக்கும். அவ்வளவு உயரமான மரம் காட்டில் எளிதிற் கிடைக்காது என்பது ஒரு காரணம். புயல் வருகையில் மேல்துண்டுகளை இறக்கிக் கப்பலின் தலைப்பாரத்தைக் குறைக்கலாம், முறிந்த துண்டை மட்டும் மாற்றலாம் என்பது மற்றொரு காரணம். ஆகவே ஒரே குச்சியைச் சீவி நட்டுவிட்டுப் பாய்மரம் என்று சொன்னால், தெரிந்தவர் கண் அதை உடனே கண்டுகொள்ளும்.

அளவுக்கு ஒரு பழைய கணக்கு இருக்கிறது. ஏறத்தாழ மூன்று அடி நீளத்துக்கு ஓர் அங்குலம் விட்டம். 90 அடி நீளமான அடிமரம் என்றால் 30 அங்குலம் பருமன். அறுபத்து நான்கில் ஒரு பங்காகச் செய்யும் மாதிரியில் அது ஏறக்குறைய 43 சென்ரிமீற்றர் நீளமும் 12 மில்லிமீற்றர் விட்டமும் கொண்டதாகும். ஆனால் அடியிலிருந்து நுனிவரை நேர்கோடாக ஒடுக்கினால் மரம் உயிரற்றுப் போகும். ஆங்கிலக் கப்பற்கலைஞர் கையாண்ட விகிதம் வேறு. மேல்தளத்திலிருந்து கால்வாசி உயரத்தில் விட்டம் 61இல் 60 பங்கு, பாதி உயரத்தில் 15இல் 14 பங்கு, முக்கால் உயரத்தில் 7இல் 6 பங்கு. நமது 12 மில்லிமீற்றர் மரத்தில் இவை முறையே 11.8, 11.2, 10.3 என வரும். கீழே பருமன் அதிகம் குறையாது. மேலே போகப் போகவே விரைந்து குறையும். கமுக மரத்தையும் தென்னையையும் பார்த்து வளர்ந்த நமது கண்ணுக்கு இந்த வளைவு அந்நியமானதன்று.

சதுரக் கட்டையை உருண்டையாக்குவதற்கும் முறை உண்டு. முதலில் நாற்பட்டையாகவே ஒடுக்கிக்கொள்ள வேண்டும். பின்பு ஒவ்வொரு பக்கத்தையும் 24 பங்காகக் கொண்டு, 7, 10, 7 என்று இரண்டு கோடுகள் கீற வேண்டும். அந்தக் கோடுகள்வரை மூலைகளைச் சீவுளியால் சீவினால் சரியான எண்பட்டை கிடைக்கும். எண்பட்டையைப் பதினாறு பட்டையாக்கி, அதன் பிறகே மண்கடதாசியால் தேய்த்து உருட்ட வேண்டும். தொடக்கத்திலேயே தேய்த்து உருட்ட முயல்பவரின் மரம் எங்கோ ஓரிடத்தில் வயிறு வைத்துவிடும்.

மரம் தெரிவதில் ஒரே விதி, நார் நேராக ஓட வேண்டும். குறுக்கே ஓடும் நார் உள்ள கட்டை இன்று நேராக இருந்தாலும் அடுத்த மழைக்காலத்தில் வளைந்துவிடும். பெரிய கப்பல்களுக்குப் போல்ரிக் கரைப் பைன் மரங்கள் பெரும்பாலும் பயன்பட்டன. இந்தியாவின் மேற்குக் கரையிலோ புன்னை இனத்தைச் சேர்ந்த உயர்ந்த மரங்களைப் பாய்மரத்துக்கு வெட்டினார்கள். ஆங்கிலேய வணிகர் அதனைப் 'பூன்' என்று எழுதிவைத்தனர். நம் புன்னைக்கு உறவான சொல்தான் அது. நெய்தல் திணையில் தலைவி காத்திருக்கும் மரத்தின் உறவினம், தலைவன் போகும் கலத்தின் நடுவிலும் நின்றிருக்கிறது.

பாய்மரத்தின் அடி மேல்தளத்தோடு முடிவதில்லை. தளங்களைத் துளைத்துக்கொண்டு கப்பலின் அடிவரை இறங்கி, அங்கே ஒரு குழியில் பொருந்தும். மாதிரியிலும் தளத்தை மூடுமுன் உள்ளே துளையிட்ட கட்டை ஒன்றை ஒட்டிவைத்தால் பிற்பாடு வருந்த வேண்டியிராது. இந்தக் குழியில் நாணயம் வைக்கும் வழக்கம் உரோமர் காலத்திலேயே இருந்தது. இலண்டன் பிளாக்பிரையர்ஸில் 1962இல் தேம்ஸ் ஆற்றின் சேற்றிலிருந்து வெளிப்பட்ட பழங்கலத்தின் பாய்மரக் குழியில் தொமிஷியன் பேரரசனின் நாணயம் கிடந்தது. கையில் சுக்கான் பிடித்த அதிர்ஷ்டத் தேவதையின் உருவம் அதில் பொறித்திருந்தது.

மரத்தை நட்டதும் இரண்டு இடங்களிலிருந்து பார்க்க வேண்டும். முன்னாலிருந்து பார்த்தால் மூன்று மரங்களும் ஒன்றையொன்று மறைக்க வேண்டும். பக்கத்திலிருந்து பார்த்தால் ஒவ்வொன்றும் வரைபடத்தில் உள்ள சாய்வோடு நிற்க வேண்டும். பொதுவாகப் பின்மரம் மற்றவற்றிலும் சிறிது கூடுதலாகப் பின்னோக்கிச் சாய்ந்திருக்கும். இந்தச் சாய்வைத் தவறவிட்டால், பின்னால் எத்தனை அழகாகக் கயிறு கட்டினாலும் கப்பல் சோம்பி நிற்பதுபோல் தோன்றும்.

இனிக் கயிறுகள். இவற்றை இரு குடும்பங்களாகப் பிரித்துக்கொள்வது எளிது. மரத்தை நிறுத்துபவை ஒரு குடும்பம். இவை இடம்பெயராதவை. தார் பூசப்பெற்றமையால் கறுத்திருக்கும். பாயையும் அதைத் தாங்கும் குறுக்குமரங்களையும் இயக்குபவை மற்றக் குடும்பம். இவை கப்பிகளினூடாக ஓட வேண்டியவை. ஆகையால் சணல் நிறத்திலேயே இருக்கும். மாதிரியில் கறுப்பு நூலும் பழுப்பு நூலும் வேறுபடுவது அலங்காரத்துக்காக அல்ல என்பதை இதிலிருந்து விளங்கிக்கொள்ளலாம்.

நூல் வாங்குகையில் பலர் தடுக்கி விழும் இடம் ஒன்றுண்டு. பழைய ஏடுகளில் கப்பற்கயிறு விட்டத்தால் அளக்கப்படவில்லை, சுற்றளவால் அளக்கப்பட்டது. நடுமரத்தை முன்னோக்கிப் பிடிக்கும் பெருங்கயிற்றின் சுற்றளவு, மரத்தின் விட்டத்தில் ஏறத்தாழப் பாதி. நமது 30 அங்குல மரத்துக்கு 15 அங்குலக் கயிறு. இதை விட்டம் என்று எண்ணினால் மாதிரியில் 6 மில்லிமீற்றர் வரும். அது கயிறாகத் தெரியாது, பாம்பாகத் தெரியும். 15ஐ 3.14ஆல் வகுத்தபின் கணக்கிட்டால் 2 மில்லிமீற்றருக்குச் சற்றுக் குறைவு. அதுவே சரி.

நூலைத் தேன்மெழுகில் ஒருமுறை இழுத்தெடுத்தால் மேலே நிற்கும் பிசிறுகள் அடங்கும். பருத்தி நூலும் சணல் நூலும் காற்றின் ஈரத்துக்கேற்ப நீளும், சுருங்கும். நம் நாட்டுக் காலநிலையில் இதை மறக்கலாகாது. மழைநாளில் விறைப்பாகக் கட்டியது வெயில் காலத்தில் தொய்வதும், அதற்கு எதிராக இழுபட்டு மெல்லிய நுனிமரத்தை வளைப்பதும் நேரக்கூடியவையே.

கட்டும் ஒழுங்கு மிக முக்கியம். முகப்பு மரத்தைக் கப்பலின் மூக்கோடு வரிந்து கட்டுவதே முதல் வேலை. ஏனையவை அதை நம்பியே வரப்போகின்றன. அடுத்து, மரத்தை இருபக்கமும் பிடிக்கும் பக்கக் கயிறுகள். இவை சோடி சோடியாக வரும். ஒரே கயிற்றை நடுவில் மடித்து வளையமாக்கி, மரத்தலையின்மேல் மாலைபோல் போடுவார்கள். முதல் மாலை வலப்பக்கத்து முன்சோடி, இரண்டாவது இடப்பக்கத்து முன்சோடி, மறுபடி வலம், மறுபடி இடம். எல்லாவற்றுக்கும் மேலே கடைசியாக வருவது முன்னோக்கி இழுக்கும் பெருங்கயிறு. வலப்பக்கம் முழுவதையும் முடித்துவிட்டு இடப்பக்கத்துக்கு வரலாம் என்று நினைப்பவரின் பாய்மரம் வலப்பக்கம் சாய்ந்துவிடும். பிறகு இடப்பக்கத்தால் இழுத்து நிமிர்த்தப் போய் மரம் வில்லாக வளையும்.

பக்கக் கயிறுகளின் கீழ்முனையில் மூன்று துளைகள் கொண்ட வட்டக் கட்டை ஒன்று இருக்கும். அதற்கு நேர்கீழே கப்பலின் விலாவில் அதேபோன்ற மற்றொன்று. இரண்டுக்குமிடையே மெல்லிய கயிறு மேலும் கீழுமாக ஓடி இறுகும். ஆங்கிலேய மாலுமிகள் இக்கட்டையை 'உயிரற்ற கண்' என்ற பொருளில் அழைத்தனர். பார்த்தால் மண்டையோடு ஒன்று விழிப்பது போலவே இருக்கும். கயிறு தளர்ந்தால் இங்கேதான் இறுக்குவார்கள். ஆகவே மாதிரியில் எல்லாக் கயிறும் போட்டு முடியும்வரை இந்த இடத்தில் பசை தொடக்கூடாது. எல்லாம் தளர்வாக நிற்கட்டும். பிறகு முன்னும் பின்னும் வலமும் இடமும் சிறிது சிறிதாக இறுக்கிவர வேண்டும். ஒரு கயிற்றை இறுக்கினால் எதிர்க்கயிறு பதில் சொல்லும். எல்லாம் ஒரே விறைப்புக்கு வரும் அந்த வேளையில், விரலால் மரத்தைத் தொட்டால் அது அசையாது நிற்பதை உணரலாம்.

பக்கக் கயிறுகளுக்குக் குறுக்கே ஏணிப்படிகள்போல் மெல்லிய கயிறுகள் கட்டப்படும். மாலுமிகள் இவற்றில் கால் வைத்தே மேலே ஏறினார்கள். உண்மைக் கப்பலில் படிக்குப் படி 13 முதல் 15 அங்குலம். நமது மாதிரியில் 5 முதல் 6 மில்லிமீற்றர். நூற்றுக்கணக்கான முடிச்சுகள் வேண்டும். பொறுமையிழந்து பசையால் ஒட்டிவிடலாம் என்ற ஆசை எழுவது இயல்பு. ஆனால் இரவில், மழையில், ஆடும் கப்பலில் ஒரு மனிதன் கால் வைத்து ஏறிய படி இது என்று எண்ணினால் முடிச்சுப் போடவே மனம் வரும். படிகளுக்கிடையே சீரான தூரம் காப்பதற்குக் கோடு போட்ட கடதாசி ஒன்றைப் பின்னால் வைத்துக்கொண்டால் போதும்.

ஓடும் கயிறுகளைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். குறுக்குமரத்தை மேலே ஏற்றுவது ஒன்று, பாயின் கீழ்மூலையை இழுப்பது ஒன்று, காற்றுக்கேற்பக் குறுக்குமரத்தைத் திருப்புவது ஒன்று என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு தொழில். எல்லாம் இறங்கிவந்து குறித்த ஒரு மரமுளையில் கட்டப்படும். நெல்சனின் 'விக்ரறி' கப்பலில் ஏறத்தாழ 26 மைல் கயிறு இருந்ததாகச் சொல்வர். அத்தனை கயிற்றுக்கிடையே வேண்டியதை இருட்டில் தடவி எடுக்க மாலுமி கற்றிருக்க வேண்டும். மாதிரி செய்பவரும் ஒவ்வொரு நூலையும் கட்டுமுன், இது எதை இழுக்கிறது, எங்கே முடிகிறது என்று கேட்டுக்கொள்வது நல்லது. விடை தெரியாத நூலைக் கட்டாமல் விடுவதே மேல்.

இந்தக் கல்வி வரைபடமில்லாமலும் வாழ்ந்திருக்கிறது. நெப்போலியன் காலப் போர்களில் பிடிபட்ட பிரெஞ்சுக் கைதிகளை இங்கிலாந்தின் நோர்மன் குரொஸ் முகாமில் அடைத்து வைத்தார்கள். 1797 முதல் 1814 வரை இயங்கிய முகாம் அது. உணவில் மிஞ்சிய எலும்பைச் சீவிப் பலகையாக்கி, பட்டிழையையும் மயிரையும் கயிறாக்கி, அவர்கள் மாதிரிக் கப்பல்கள் செய்து முகாமின் வாயிலில் விற்றார்கள். கையில் வரைபடமில்லை. எந்தக் கயிறு எங்கே போகும் என்பதை விரல்கள் நினைவில் வைத்திருந்தன. அவற்றிற் பல இன்றும் பீற்றர்பரோ அருங்காட்சியகத்தில் உள்ளன. கடலை மீண்டும் காண்போமா என்று அறியாத மனிதர்கள் முடிந்த முடிச்சுகள் அவை.

நேயர்களே, நமக்கும் இப்படியொரு நினைவு இருந்தது. வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட 'அன்னபூரணி' என்ற இரு பாய்மரக் கப்பலை அமெரிக்கரான வில்லியம் ரொபின்சன் வாங்கி, 'புளோரன்ஸ் சி. ரொபின்சன்' என்று பெயர் மாற்றினார். வல்வை மாலுமிகள் செலுத்த, 1938இல் அது அத்திலாந்திக்கைக் கடந்து மசாசூசெட்ஸ் மாநிலத்தின் குளோஸ்டர் துறைமுகத்தை அடைந்தது. அந்த மாலுமிகளுக்குப் பாய் ஏற்றும் கயிறு 'ஆஞ்சான்'. பாயின் கீழ்மூலைக் கயிறு 'தாமான்'. பாயைத் தாங்கும் குறுக்குமரம் 'பருமல்'. இந்தச் சொற்களை நமது அகராதிகள் காத்துவைத்திருக்கின்றன. ஆனால் பொருள் இருந்தாலும், அந்தக் கயிறு கையில் எப்படி இழுபடும் என்பதை அகராதி சொல்லாது. இயந்திரம் வந்து பாய்மரம் போனபோது சொல் போகவில்லை. சொல்லுக்குப் பின்னாலிருந்த விறைப்பு போயிற்று.

குலசேகர ஆழ்வார் தம்மை நடுக்கடலில் கரை காணாது மீண்டும் கப்பலின் கூம்பிலேயே வந்தமரும் பறவைக்கு ஒப்பிட்டார். அந்தப் பறவைக்கு உலகில் அசையாத ஒரே பொருள் பாய்மரம். அந்தப் பாய்மரத்தை அசையாமல் பிடித்திருந்தவை கயிறுகள், அவற்றை இறுக்கியவை மாலுமிகளின் கைகள். மாதிரிக் கப்பல் ஒன்றைச் செய்து பார்த்தவர் இந்தப் பாசுரத்தையும் மதுரைக்காஞ்சியின் அந்தச் சில அடிகளையும் முன்புபோல வாசிக்க மாட்டார். கூம்பு என்ற சொல் வரும்போதெல்லாம் அவரது விரல்களில் ஒரு நூல் இழுபடும்.

உங்கள் ஊரில் பழைய வள்ளக்காரர் எவரேனும் இருந்தால், கயிறுகளின் பெயர்களைக் கேட்டு எழுதிவைத்துக்கொள்ளுங்கள். பெயரோடு நில்லாமல், அந்தக் கயிறு எதைப் பிடித்து நிறுத்தியது என்பதையும் கேளுங்கள்.